எதை முதலில் செய்வது?

(வெள்ளி விழாவையொட்டிச் சங்கத்தின் மாலை வகுப்பில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழாவில் உரையாற்ற வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் நம்மைக் கேட்டபோது, கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவோம் என்றே எண்ணியிருப்பார். அதனை நம்மினும் நன்றாகப் பேசவல்லார் இங்கு உளர். மேலும், பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து, இரவிலும் தம் பிள்ளைகளை இவ்வகுப்பிற்கு அனுப்பி வைக்கும் பெற்றோரிடம் கல்வியின் சிறப்பை எடுத்துரைப்பது கொல்லத் தெருவில் ஊசி விற்பதாகும். ஆதலின் ஒரே ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துள்ளோம். கரும்பலகையில் எழுதியிருக்கிறோம், பாருங்கள்.

8 ÷ 2(2 + 2)

சென்ற மாதம் இவ்வகுப்பிற்கு வரும் அண்ணன் தம்பி இருவர் இக்கணக்கை வைத்துக்கொண்டு வாயிற்படியில் சண்டையிட்டுக் கொண்டிருந்தனர். அண்ணன் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர். தம்பி கல்லூரியில் படிப்பவர். இருவருமே அரசுத் தேர்வுக்குப் படித்து வருகின்றனர். அண்ணன் கையிலிருந்த அறிவியல் கணிப்பான் 1 என்று காட்டிற்று. தம்பியின் கைப்பேசி 16 என்று காட்டிற்று. “சார், நீங்களே சொல்லுங்கள், யார் சரி?” என்று இருவரும் நம்மிடம் வந்தனர். சுற்றி நின்றவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தனர். பந்தயம் ஒரு தேநீர்தான். ஆயினும் முகங்களைப் பார்த்தால் நிலத் தகராறு போல் இருந்தது.

நாம் உடனே விடை கூறவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டோம். அவ்வாறு கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைக் கூறுதற்கு நமக்கு நாணமாகவே உள்ளது. எனினும் இவ்வவையில் மறைப்பானேன்?

நாம் கல்லூரியில் படித்தது வரலாறு. ஆசிரியப் பணியில் சேர்ந்த ஐந்தாம் ஆண்டில், பள்ளியில் கணக்காசிரியர் இடம் நெடுநாள் காலியாகக் கிடந்தமையால், ஆறாம் வகுப்புக்குக் கணக்கையும் நாமே எடுத்தோம். போட்மாஸ் என்னும் விதியை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். முதலில் அடைப்புக்குறி, அடுத்து ‘இல்’ என்று வருவது, பின்னர் வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்று அவ்வாங்கிலச் சொல்லின் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு செயலைக் குறிக்கும். நாம் மாணவராயிருந்த காலத்தில் அதனை எப்படி மனனம் செய்தோமோ, அப்படியே பிள்ளைகளுக்கும் ஒப்புவித்தோம். ஒரு தேர்வில் பின்வருமாறு ஒரு வினா அமைந்தது.

10 − 4 + 3

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். பெரும்பாலோர் நாம் கற்பித்தபடியே, கூட்டல் முன், கழித்தல் பின் என்று கொண்டு, 4-உம் 3-உம் 7, பத்தில் ஏழு போக 3 என்று எழுதியிருந்தனர். ஒரு சிறுமி மட்டும் 9 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டோம். விடைத்தாளைப் பெற்றுக்கொண்டவள் தயங்கித் தயங்கி நம் மேசை அருகே வந்து நின்றாள். “சார், கையில் பத்து ரூபாய் இருக்கிறது. நாலு ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டேன். அப்புறம் அம்மா மூணு ரூபாய் கொடுத்தால் என்னிடம் ஒன்பது ரூபாய்தானே சார் இருக்கும்?” என்று கேட்டாள். “விதி அப்படிச் சொல்லவில்லை; போய் உட்கார்” என்றோம். அவளும் போய் உட்கார்ந்தாள்.

அவள் கூறியதே சரி. போட்மாஸ் என்னும் சொல்லில் கூட்டலுக்குரிய எழுத்து முன்னும் கழித்தலுக்குரிய எழுத்து பின்னும் நிற்பது, இரண்டு எழுத்தை ஒரே இடத்தில் எழுத முடியாது என்பதனாலேயேயன்றி வேறில்லை. கூட்டலும் கழித்தலும் ஒரே படியில் நிற்பவை. இடப்பக்கத்திலிருந்து எது முதலில் வருகிறதோ அதனையே முதலில் செய்தல் வேண்டும். அவ்வாறே வகுத்தலும் பெருக்கலும் ஒரே படியில் நிற்பவை. அமெரிக்க நாட்டுப் பள்ளிகளில் இதே விதியைப் பெம்டாஸ் என்று கற்பிக்கின்றனர். அச்சொல்லில் பெருக்கல் முன்னும் வகுத்தல் பின்னுமாக உள்ளன. நம் சொல்லில் வகுத்தல் முன். இரண்டு நாட்டுக் கணக்குக்கும் விடை வேறாகிவிடவில்லை. எழுத்து வரிசையே விதியாயின் ஆகியிருக்க வேண்டுமன்றோ? இதனை நாம் அறிந்துகொண்டது மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், ஒரு பணியிடைப் பயிற்சியில். அதற்குள் அச்சிறுமி நம் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டாள்.

அது முதல், கணக்கில் எவரேனும் “விதி அப்படித்தான்” என்று கூறினால், அவ்விதி எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் நாம் விடை கூறுவதில்லை. சகோதரர் இருவரிடம் தவணை கேட்டதும் அதனால்தான்.

இனிக் கணக்கிற்கு வருவோம். பெருக்கலை ஏன் கூட்டலுக்கு முன்னர்ச் செய்கிறோம்? இது இயற்கையின் சட்டமா? அன்று. மூன்றும் நான்கும் ஏழு என்பது எவர் மறுத்தாலும் மாறாது. மூன்றை நான்கு முறை எடுத்தாலும் நான்கை மூன்று முறை எடுத்தாலும் பன்னிரண்டே. இவை எண்களின் இயல்பு. ஆனால் 2 + 3 × 4 என்று அடைப்புக்குறியின்றித் தாளில் எழுதினால் எதை முதலில் செய்வது என்பது எண்களைப் பற்றிய கேள்வியன்று. எழுத்தைப் பற்றிய கேள்வி. எழுதுபவனும் படிப்பவனும் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாடு அது. சாலையில் இடப்பக்கம் செல்வது போன்றது. நாம் இடப்பக்கம் செல்கிறோம், அமெரிக்கர் வலப்பக்கம் செல்கின்றனர், இரண்டிலும் பிழையில்லை. ஸ்வீடன் நாட்டினர் நெடுங்காலம் இடப்பக்கம் சென்றுகொண்டிருந்து, 1967 செப்டம்பர் 3 அன்று நாடு முழுவதும் ஒரே நாளில் வலப்பக்கத்திற்கு மாறினர். எல்லோரும் ஒருங்கே மாறினமையால் அது நடந்தது. பாதிப் பேர் மட்டும் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 8 ÷ 2(2 + 2) என்னும் கணக்கில் நேர்ந்திருப்பது அதுவே.

உடன்பாடுதான் என்றாலும், பெருக்கலுக்கு முதலிடம் தந்ததில் ஒரு நியாயம் உண்டு. அறுவடைக் கூலியை எப்படி எழுதுகிறோம்? ஆறு பேருக்கு ஆளுக்கு 300 ரூபாய், நான்கு பேருக்கு ஆளுக்கு 500 ரூபாய். 6 × 300 + 4 × 500. ஆறு முந்நூறு 1,800, நான்கு ஐந்நூறு 2,000, ஆக 3,800. கடைக்காரர் சீட்டும், வீட்டுக் கணக்கும், கூலிக் கணக்கும் பெரும்பாலும் இந்த உருவில்தான் வருகின்றன. ஒவ்வொரு வரியும் ஒரு பெருக்கல். அடியில் ஒரு கூட்டல். நாம் எண்களை எழுதும் முறையே அவ்வாறுதான் உள்ளது. முந்நூற்று நாற்பத்தைந்து என்பது 3 × 100 + 4 × 10 + 5. இவ்வகைக் கணக்கு அடிக்கடி வருவதால், இதற்கு அடைப்புக்குறி வேண்டாதவாறு உடன்பாட்டை அமைத்துக்கொண்டனர். மேல் வகுப்பில் இயற்கணிதம் படிப்போர் 5க² + 3க + 2 என்று எழுதும்போது, ஓரிடத்திலும் அடைப்புக்குறி இல்லாமல் பொருள் விளங்குவது இவ்வுடன்பாட்டினால்தான்.

இக்குறிகள் ஒரே நாளில், ஒருவர் கையால் வந்தவையல்ல. கூட்டல், கழித்தல் குறிகள் 1489-இல் ஜெர்மானியராகிய விட்மன் என்பவரின் நூலில் அச்சேறின. சமக்குறியை 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்னும் வேல்ஸ் நாட்டு மருத்துவர் தந்தார். பெருக்கற் குறி 1631-இல் ஆட்ரெட் என்னும் ஆங்கிலேயப் பாதிரியாரின் நூலில் வந்தது. மேலும் கீழும் புள்ளியிட்ட வகுத்தற் குறியை 1659-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரான் என்பவர் வகுத்தலுக்குப் பயன்படுத்தினார். அதே குறியை டென்மார்க், நார்வே நாடுகளில் நெடுங்காலம் கழித்தற் குறியாக எழுதி வந்தனர் என்றால் நம்புவீர்களா? லைப்னிட்ஸ் என்னும் பேரறிஞர் வகுத்தலுக்கு இரட்டைப் புள்ளியையும் பெருக்கலுக்கு ஒற்றைப் புள்ளியையும் விரும்பினார். இவ்வாறு ஆளுக்கொரு திசையிலிருந்து வந்த குறிகளை ஒரே வரியில் உட்கார வைத்தால் முன்பின் தகராறு எழாமலிருக்குமா?

நம் நாட்டுப் பழைய கணித நூல்களில் இத்தகராறு இல்லை. காரணம், அவர்கள் கணக்கைப் பெரும்பாலும் சொற்களால் கூறினர். கி.பி. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபட்டரின் நூலிலும், 1150-இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியிலும் தலைகீழ் முறை என்று ஒன்று உண்டு. விடையிலிருந்து பின்னோக்கி நடந்து தொடக்க எண்ணைக் கண்டறிவது அது. ஓர் எண்ணை மூன்றால் பெருக்கு; வந்ததோடு ஐந்தைக் கூட்டு; வந்ததை இரண்டால் வகு; பத்து வந்தது; அவ்வெண் யாது? கடைசியிலிருந்து திரும்புவோம். பத்தை இரண்டால் பெருக்க இருபது. ஐந்தைக் கழிக்கப் பதினைந்து. மூன்றால் வகுக்க ஐந்து. செயல்களைச் சொன்ன வரிசையே செய்யும் வரிசை. இதில் இருவர் சண்டையிட வழியில்லை. நம் காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலும் கணக்குகள் செய்யுளில் சொற்களாகவே வருகின்றன. இதே கணக்கை அடைப்புக்குறியின்றி 5 × 3 + 5 ÷ 2 என்று எழுதிப் பாருங்கள். பத்துக்குப் பதிலாகப் பதினேழரை வந்து நிற்கும். வாயால் சொன்னபோது இருந்த வரிசை, தாளில் எழுதியபோது காணாமற் போய்விட்டது. அதனைக் காப்பதற்குத்தான் அடைப்புக்குறி. (5 × 3 + 5) ÷ 2 என்று எழுதினால் பத்து திரும்ப வந்துவிடும்.

இப்போது அண்ணன் தம்பி வழக்கிற்கு வருவோம். அடைப்புக்குறிக்குள் 2 + 2 ஆகிய 4 என்பதில் இருவர்க்கும் வேறுபாடில்லை. எஞ்சியிருப்பது 8 ÷ 2(4). தம்பியின் வாதம் இது: 2(4) என்பதும் 2 × 4 என்பதும் ஒன்றே; வகுத்தலும் பெருக்கலும் ஒரே படி; இடமிருந்து வலமாகச் செய்தால் 8 ÷ 2 = 4; 4 × 4 = 16. அண்ணனின் வாதம் இது: 2-க்கும் அடைப்புக்குறிக்கும் இடையே குறி ஏதுமில்லை; ஒட்டி எழுதினால் அது ஒரே பொருள்; அதனைப் பிரிக்கலாகாது; எனவே 2(4) = 8; 8 ÷ 8 = 1.

தம்பி பாடநூல் விதியைக் கடுகளவும் மீறவில்லை. பெரும்பாலோர் அவர் பக்கமே நிற்பர். ஆனால் அண்ணனைப் பிழையென்று தள்ளிவிட முடியுமா? இயற்கணிதம் படித்தவர்கள் 6க ÷ 2க என்று கண்டால் என்ன விடை எழுதுவீர்கள்? 3 என்றுதானே? தம்பியின் முறைப்படி சென்றால் 6க ÷ 2 × க என்றாகி, 3க² என்று வரும். அப்படி எழுதும் மாணவரை நாம் கண்டதில்லை. 2க என்பதை ஒட்டிய ஒரே பொருளாகவே நம் கண் காண்கிறது. 1917-இலேயே லென்னஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், நூல்களில் அச்சிட்டிருக்கும் விதி ஒன்று, கணிதர் கைக்கொள்ளும் வழக்கம் வேறொன்று என்று இதே குறையை எடுத்துக்காட்டினார். கணிதக் குறிகளின் வரலாற்றை 1928, 1929 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக எழுதிய காஜோரி என்னும் அறிஞரும், வகுத்தற் குறியும் பெருக்கற் குறியும் சேர்ந்து வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை என்றே பதிவு செய்துள்ளார். அமெரிக்க இயற்பியல் கழகத்தின் ஆய்விதழ்களில் சாய்கோட்டால் வகுத்தலை எழுதினால் பெருக்கலே முந்தும் என்பது நடைமுறை. அண்ணனுக்குத் துணையாக இத்தனை பேர் உளர்.

நம் பாடநூலிலேயே அவருக்கு ஓர் உறவு இருக்கிறது. போட்மாஸில் இரண்டாவதாக வரும் ‘இல்’ என்பதை மறந்துவிட்டோமா? 24 ÷ 12-இல் பாதி என்று ஒரு வினா வந்தால், முதலில் 12-இல் பாதி 6; பின்னர் 24 ÷ 6 = 4. அதனையே 24 ÷ 12 × ½ என்று எழுதினால், இடமிருந்து வலமாக 2 × ½ = 1. ‘இல்’ என்பது பெருக்கல்தான். ஆயினும் ஒட்டி நிற்கும் பெருக்கலாதலின் அதற்கு முதலிடம். அப்படியானால், அடைப்புக்குறியோடு ஒட்டி நிற்கும் பெருக்கலுக்கு ஏன் அவ்வுரிமை இல்லை என்று அண்ணன் கேட்டால், நேர்மையான ஆசிரியன் தலையைச் சொறிந்துகொள்ளத்தான் வேண்டும்.

இக்கணக்கு 2019-இல் உலகெங்கும் பரவிற்று. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகட்ஸ் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதனைப் பற்றி எழுதினார். வழக்கமான விதிப்படி 16 என்று முதலில் கூறியவர், ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு முதலிடம் தரும் வழக்கமும் உண்டென்று வாசகர்கள் எழுதியபின், அதனையும் எடுத்துக்கொண்டு மறுபடி எழுதினார். பேராசிரியரே இரண்டாம் முறை எழுதியதைப் படித்தபோது நமக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பொறிகளும் மனிதரைப் போலவே பிரிந்து நிற்கின்றன. பொறி பொய் சொல்லாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். பொறி தன்னைச் செய்தவரின் உடன்பாட்டையே சொல்லும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் 82 எனும் எண்ணுடைய கணிப்பான் ஒட்டிய பெருக்கலுக்கு முதலிடம் தந்தது. அதற்கடுத்து வந்த 83 அதனைக் கைவிட்டுவிட்டது. ஒரே நிறுவனம், அடுத்தடுத்த இரண்டு எண், ஒரே கணக்கு, இரண்டு விடை! காசியோ கணிப்பான்கள் பலவற்றில் இக்கணக்கிற்கு 1 வரும். கணினியில் கணக்கெழுதும் எக்செலில் −3-இன் வர்க்கம் என்று அடைப்புக்குறியின்றி எழுதினால் 9 வரும். கணித நூல்களின் வழக்கப்படி அது −9. மூன்றின் வர்க்கத்தை முதலில் எடுத்து அதன்பின் குறை குறியைச் சேர்ப்பது நூல் வழக்கம். குறை குறியை எண்ணோடு ஒட்டிக்கொண்டு வர்க்கம் எடுப்பது எக்செலின் வழக்கம். அலுவலகங்களில் கணினியில் பணிபுரியும் நம் இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

இவையெல்லாம் படித்தவர் சண்டை என்று தாய்மார்கள் எண்ண வேண்டா. கடைத்தெருவுக்கு வருவோம். கடையில் மேசைமேல் இருக்கும் சாதாரணக் கணிப்பான் செயல் வரிசை எதனையும் அறியாது. அழுத்த அழுத்தச் செய்துகொண்டே போகும். 10 ரூபாய்ப் பேனா ஒன்று. 45 ரூபாய்க் குறிப்பேடு ஆறு. அவர் 10 + 45 × 6 என்று வரிசையாக அழுத்தினால், அது பத்தையும் நாற்பத்தைந்தையும் கூட்டி 55 ஆக்கி, ஆறால் பெருக்கி 330 என்று காட்டும். உண்மையில் குறிப்பேடு ஆறு 270, பேனா 10, ஆக 280. ஐம்பது ரூபாய் போயிற்று. கூலிக் கணக்கில் அப்படி அழுத்தினால் இலட்சக்கணக்கில் வந்து நின்று, பிழை தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். இங்கே 330 என்பது நம்பத்தக்க தொகையாக இருப்பதால் எவர் கண்ணிலும் படாது. கடைக்காரர் ஏமாற்றினார் என்றும் கூற இயலாது; அவரும் பொறியை நம்பினவரே.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் சார்பில் பிள்ளைகளுக்கு எழுதுபொருள் வாங்கியபோது இத்தகைய பிழையொன்று சீட்டில் இருந்தது. அதனைக் கண்டுபிடித்தவர் எவர் தெரியுமா? பட்டதாரிகளாகிய நாம் எவரும் அல்லர். சமையலுக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர். “ஆறு நாப்பத்தஞ்சு எவ்வளவு தம்பி?” என்று கேட்டார், அவ்வளவுதான். அவர் மனத்தில் பெருக்கல் முதலில் நடந்தது. எந்த விதியும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பொருளைப் பார்த்து எண்ணினார். அக்கணிப்பானிலேயே எம் என்ற எழுத்தும் கூட்டற்குறியும் இட்ட பொத்தான் ஒன்று உண்டு. ஒவ்வொரு பெருக்கலையும் முடித்து அதனை அழுத்தினால், பொறி அத்தொகையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கடைசியில் மொத்தத்தைத் தரும். பலரிடம் கணிப்பான் இருக்கிறது. அப்பொத்தானை எவரும் தொடுவதில்லை.

அரசுத் தேர்வு எழுதும் இளைஞர்கள் இப்போது நம்மை நோக்கி, “சார், தேர்வில் எதை எழுதுவது?” என்று கேட்பது தெரிகிறது. குரூப் 4 தேர்வின் திறனறிவுப் பகுதியில் சுருக்குதல் என்பதொரு தலைப்பாகவே உள்ளது. ஒரு மதிப்பெண்ணில் வேலை கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் நாம் பார்த்திருக்கிறோம். எனவே வழவழவென்று பேசாமல் கூறுகிறோம். தேர்வில் கூட்டல் கழித்தல் ஒரே படி; பெருக்கல் வகுத்தல் ஒரே படி; இடமிருந்து வலம் செல்க; ‘இல்’ வந்தால் அதனைப் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் முன் செய்க. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி வந்தால் உள்ளிருந்து வெளியே வருக. நூற்றில் தொண்ணூற்றொன்பது வினா இதற்குள் அடங்கும். கரும்பலகையில் உள்ளது போன்ற வினா வந்துவிட்டால், கொடுத்திருக்கும் நான்கு விடைகளைப் பார்க்க வேண்டும். 16 மட்டும் இருந்தால் 16; 1 மட்டும் இருந்தால் 1. இரண்டும் இருந்தால் இடமிருந்து வலமே பாதுகாப்பானது என்பது நம் கருத்து, கருத்துதான். தேர்வாணையம் தற்காலிக விடைகளை வெளியிட்டு மறுப்புரை கேட்கிறது. அவ்வாய்ப்பை நம் பிள்ளைகள் பயன்படுத்துவதில்லை; அச்சிட்ட விடைக்கு மறுப்பு எழுதலாமா என்று அஞ்சுகின்றனர். எழுதலாம். சான்றோடு எழுதுங்கள், எழுதுவதற்கு நாம் உதவுகிறோம்.

சகோதரர் இருவர்க்கும் நாம் கூறிய தீர்ப்பைக் கேட்டால் அவர்களைப் போல நீங்களும் ஏமாற்றமடைவீர்கள். பிழை உங்கள் இருவரிடமும் இல்லை; வினாவை எழுதியவரிடம் உள்ளது என்றோம். வகுத்தற் குறி தொடக்கப் பள்ளியின் குறி. எண்ணை அடைப்புக்குறியோடு ஒட்டி எழுதுவது இயற்கணிதத்தின் வழக்கம். இயற்கணிதம் எழுதுவோர் வகுத்தலை மேலும் கீழுமாகப் பின்னமாக எழுதுவர். எது கோட்டுக்கு மேல், எது கீழ் என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு வீட்டு வழக்கத்தையும் ஒரே வரியில் கலந்து வைத்தவர், சண்டை மூட்டுவதற்காகவே அப்படிக் கலந்தார். பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பு 2009-இல் வெளியிட்ட கணிதக் குறிகளின் தர ஏட்டில், வகுத்தலுக்கு இப்புள்ளிக் குறியைப் பயன்படுத்தலாகாது என்றே கூறியுள்ளது. (8 ÷ 2) × (2 + 2) என்றோ, 8 ÷ (2 × (2 + 2)) என்றோ எழுதியிருந்தால் ஒரு சொட்டுத் தேநீருக்கும் பந்தயம் நேர்ந்திராது. தேநீருக்கு நாமே பணம் கொடுத்தோம்.

ஆசிரியர்கள் சிலரும் இவ்வவையில் இருக்கிறீர்கள். வினாத்தாள் தயாரிக்கும்போது இத்தகைய கணக்கைத் தவிர்த்துவிடுங்கள். அடைப்புக்குறிக்கு விலை ஏதும் இல்லை. மாணவன் மாறுபட்ட விடை எழுதினால், கோடிடுவதற்கு முன் எப்படி வந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

9 என்று எழுதிய அச்சிறுமியை நாம் மறுபடி சந்தித்தோம். இப்போது அவர் அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறார். இரண்டாண்டுக்கு முன் தம் மகனை ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்காக நம் அறைக்கு வந்தார். பெயரைக் கேட்டதும் நமக்கு அந்தத் தேர்வு நினைவுக்கு வந்துவிட்டது. பத்தில் நாலு போக மூன்று சேர்த்தால் ஒன்பதே என்றும், அன்று நாம் போட்ட கோடு பிழை என்றும் அவரிடம் கூறினோம். மறந்திருப்பார் என்றே நினைத்தோம். அவர் மறக்கவில்லை. “அன்றைக்குப் பிறகு, கணக்கு என்பது நம் புத்திக்குச் சரியென்று படுவதற்கு நேர்மாறான ஒன்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன் சார். பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவு கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை; வெறுமனே சொன்னார். நாம் சேர்க்கைப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். வேறென்ன செய்ய முடியும்? அவர் மகன் இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறான். இதோ, மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மீண்டும் கூடுகிறோம். வீட்டிலும் கடையிலும் கிடைக்கும் கணிப்பான்கள், கைப்பேசிகள் எவையாயினும் எடுத்து வாருங்கள், பழுதானவையும் வரட்டும். எல்லாவற்றிலும் 2 + 3 × 4 என்று அழுத்தி, 14 காட்டுபவற்றை ஒரு பக்கமும் 20 காட்டுபவற்றை மறு பக்கமும் வைத்து, 20 காட்டுபவற்றின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுப்போம். பசையும் தாளும் சங்கத்தின் செலவு.